கை நிறையத் தொழில்: போய்ச் சேர்ந்தால்தான் வேலை முடிந்தது



வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுச் சம்பாதிக்கும் பெண்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை, வளைகாப்பு அழைப்பு, தாம்பூலப் பை, ஊறுகாய் பாட்டிலுக்கு லேபிள், தெருமுனைக் கடைக்கு போர்டு என்று வேலைக்குக் குறைவில்லை. குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு மத்தியானம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு வேலை உருவாகிவிடும். ஆனால் வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், டிசைன் போடுவதில் யாருக்கும் அவ்வளவு சிரமம் இல்லை. போட்டதை உரியவரிடம் ஒழுங்காகக் கொண்டு சேர்ப்பதில்தான் தலைவலியே!

சேலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. மூன்று முறை திருத்தம் சொன்னார்களாம். மூன்றாவது திருத்தத்தில் முகூர்த்த நேரமே மாறியிருக்கிறது. இவரும் மாற்றி அனுப்பிவிட்டார். ஆனால் அச்சகத்துக்காரரின் போனில் ‘ஃபைனல்’ என்ற பெயரில் ஒன்றும், ‘ஃபைனல் புதுசு’ என்ற பெயரில் ஒன்றும் கிடந்திருக்கின்றன. அவர் முதலாவதை எடுத்து 500 பத்திரிகை அடித்துவிட்டார். ‘யார் மேல் தப்பு, யார் காசு கொடுப்பது என்று பேசிப் பேசி, உறவே கசந்துபோச்சு’ என்று முடித்திருக்கிறார் அந்தச் சகோதரி.

பார்த்தீர்களா? வேலையில் குறை இல்லை, கலரில் குறை இல்லை. கொடுத்த விதத்தில்தான் குறை. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்று நம் பாட்டிமார்கள் சும்மாவா சொன்னார்கள்? ஆற்றில் போடுவதற்கே அளவு உண்டு என்றால், காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிற பொருளுக்கு இருக்க வேண்டாமா?

இந்த விஷயத்தில் நான் சொல்லப் போவது ஒன்றே ஒன்றுதான். நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது, உங்களுக்கு ஒரு போன்கூடப் போடாமல், எதிராளி சரியான கோப்பை எடுத்துச் சரியாகத் திறக்க முடிய வேண்டும். அப்படி முடிந்தால்தான் நீங்கள் கொடுத்ததாக அர்த்தம். இல்லையென்றால் அனுப்பினதாகத்தான் அர்த்தம். அனுப்புவது வேறு, கொடுப்பது வேறு.

ஏன் இத்தனை பெரிசு?

‘போட்டோ அனுப்பினால் நொடியில் போகிறது, டிசைன் அனுப்பினால் மட்டும் ஏன் மணிக்கணக்கில் சுற்றுகிறது?’ என்று கேட்கிறவர்கள் பலர். காரணத்தைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

கம்ப்யூட்டர் படம் என்பது புள்ளிக்கோலம் மாதிரி. அச்சுக்குப் போகிற படத்துக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வைப்பது வழக்கம். 7 அங்குலத்துக்கு 5 அங்குலம் உள்ள ஒரு பத்திரிகை அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அகலத்தில் 2,100 புள்ளி, உயரத்தில் 1,500 புள்ளி. பெருக்கிப் பார்த்தால் 31 லட்சத்து 50 ஆயிரம் புள்ளிகள். அச்சு மை நாலு நிறம் என்பதால் ஒவ்வொரு புள்ளிக்கும் நாலு எண் எழுதி வைக்க வேண்டும். ஆக, ஒரு பக்கத்துக்கே 12 எம்.பி.க்கு மேல் ஆயிற்று.

மண்டப வாசலில் கட்டும் வரவேற்பு ஃப்ளெக்ஸ் இருக்கிறதே, அது 8 அடிக்கு 4 அடி என்று வையுங்கள். அதைத் தள்ளி நின்றுதான் பார்க்கிறோம். எனவே அங்குலத்துக்கு 100 புள்ளியே தாராளம். அப்படியும் 9,600 புள்ளிக்கு 4,800 புள்ளி. கணக்குப் போட்டால் 180 எம்.பி.யைத் தாண்டுகிறது. படத்தின் மேல் படமாக அடுக்கு அடுக்காக வேலை செய்திருந்தால், அடுக்குக்கு அடுக்கு எடை ஏறிக்கொண்டே போகும். ஒரு கல்யாணத்தின் மொத்த வேலையும் சேர்ந்தால் 500 எம்.பி., சில சமயம் அதற்கு மேலும் ஆவது சகஜம்.

இந்த எடையை எப்படிக் குறைப்பது என்று தலையை உடைத்துக்கொள்ளாதீர்கள். குறைத்தால் அச்சு மங்கும். எப்படிக் கட்டிக் கொடுப்பது என்று பார்ப்போம்.

ஒரு கல்யாணத்துக்கு ஒரு பெட்டி

அஞ்சறைப் பெட்டியில் கடுகு ஒரு கிண்ணம், சீரகம் ஒரு கிண்ணம் என்று இருப்பதால்தானே இருட்டிலும் கை தானாகப் போகிறது? அதே மாதிரிதான் இதுவும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் திறங்கள். அதற்குள் நாலே நாலு உள் ஃபோல்டர்கள் போதும்.

முதலாவது, வந்தவை. அவர்கள் கொடுத்த போட்டோ, கையால் எழுதிக் கொடுத்த வாசகம், குலதெய்வத்தின் படம் எல்லாம் இங்கே. இதைத் தொடவே கூடாது. திருத்த வேண்டுமென்றால் நகல் எடுத்துத்தான் திருத்த வேண்டும்.

இரண்டாவது, வேலை. நீங்கள் திறந்து மூடித் திருத்துகிற மூலக் கோப்புகள் இங்கே. இது உங்கள் சமையலறை. விருந்தாளி எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை.

மூன்றாவது, பார்வைக்கு. ‘இப்படி இருந்தால் சரியா?’ என்று காட்டுவதற்காக எடுத்த சின்னப் படங்கள் இங்கே.

நாலாவது, அச்சுக்கு. கடைசியாக ஒப்புக்கொண்டது மட்டும் இங்கே. ஒரு பொருளுக்கு ஒரே ஒரு கோப்புதான் இருக்க வேண்டும். பழசும் புதுசும் சேர்ந்து இருக்கக் கூடாது.

இந்த நாலாவது ஃபோல்டரைத்தான் அச்சகத்துக்கு அனுப்பப் போகிறோம். மற்ற மூன்றும் வீட்டோடு.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு லாபமும் உண்டு. குழந்தைக்குத் திடீரென்று ஜுரம், நீங்கள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறீர்கள், அச்சகத்திலிருந்து போன் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘அந்தப் பெயர் போட்ட ஃபோல்டரில் நாலாவதைத் திறந்து அனுப்புங்க’ என்று வீட்டுக்காரரிடமோ, நாத்தனாரிடமோ சொன்னால் போதும். கம்ப்யூட்டர் அதிகம் தெரியாதவர்கூட அனுப்பிவிடலாம்.

பெயர் வைப்பதில்தான் இருக்கிறது

‘ஃபைனல்’ என்ற பெயரை இன்றோடு தலைமுழுகிவிடுங்கள். கல்யாண வீட்டில் கடைசித் திருத்தம் என்று ஒன்று உண்டா? ‘சித்தப்பா பெயர் விட்டுப்போச்சு’ என்று பத்திரிகை மெஷினில் ஏறும்வரை போன் வரும்! அதனால் எண் போடுங்கள். திருத்தம் 01, திருத்தம் 02, திருத்தம் 03. எண் பெரிசாக இருந்தால் புதுசு. இதைப் பிழையாகப் புரிந்துகொள்ள யாராலும் முடியாது.

கோப்பின் பெயரில் நாலு விஷயம் இருக்கட்டும். யாருடையது, என்ன பொருள், என்ன அளவு, எத்தனையாவது திருத்தம். ‘மீனா கல்யாணம், அட்டை, 7க்கு 5, திருத்தம் 03’ என்று இருந்தால் திறக்காமலே விஷயம் தெரிந்துவிடும். தேதியும் போடுவதானால் ஆண்டு முதலில், பிறகு மாதம், பிறகு நாள் என்று போடுங்கள். அப்போதுதான் கம்ப்யூட்டர் வரிசைப்படுத்தும்போது கால வரிசையில் நிற்கும். நாளை முதலில் போட்டால் ஜனவரி 5ம் மார்ச் 5ம் பக்கத்தில் பக்கத்தில் வந்து குழப்பும்.

பெயரைத் தமிழில் வைக்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சில பழைய கம்ப்யூட்டர்களில் கட்டைப் பிரிக்கும்போது தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகவும் கட்டங்களாகவும் மாறிவிடுகின்றன. எனவே வெளியே போகும் கோப்புக்கு மட்டும் ஆங்கில எழுத்தில், இடைவெளிக்குப் பதிலாக அடிக்கோடு போட்டுப் பெயர் வையுங்கள். உள்ளே இருக்கும் தமிழுக்கு ஒன்றும் ஆகாது.

எழுத்தெல்லாம் கொக்கி கொக்கியாக...

“அண்ணே, ஃபைல் வந்துச்சா?”

“வந்துச்சும்மா. ஆனா எழுத்தெல்லாம் கொக்கி கொக்கியா தெரியுது. ‘திருவளர்ச்செல்வி’ங்கற இடத்துல ஏதோ இங்கிலீஷ் மாதிரி இருக்கு.”

இந்தப் பேச்சு நடக்காத அச்சகமே இருக்காது. காரணம் எளிது. நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அவர் கம்ப்யூட்டரில் இல்லை. தமிழுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம். எழுத்துருவுக்கு ஒரு முறை என்று பல முறைகள் புழக்கத்தில் இருந்தன. 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்ற முறைகளைத் தரப்படுத்தியது. 2010-இல் யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அச்சகங்களில் பழைய எழுத்துருக்கள் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அழகான கல்யாண எழுத்துகள் பலவும் அந்தப் பழைய முறையில் உள்ளவைதானே!

இதற்குப் பரிகாரம் இரண்டு.

ஒன்று, அனுப்புகிற பிரதியில் எழுத்துகளைக் கோட்டோவியமாக மாற்றிவிடுவது. கோரல் டிராவில் ‘கன்வர்ட் டு கர்வ்ஸ்’ என்றும், இல்லஸ்ட்ரேட்டரில் ‘கிரியேட் அவுட்லைன்ஸ்’ என்றும் இருக்கும். மாற்றிய பிறகு அது எழுத்தாக இல்லாமல் படமாக ஆகிவிடுகிறது. எந்தக் கம்ப்யூட்டரிலும் அப்படியே தெரியும். ஆனால் ஒன்று, அதற்குப் பிறகு ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. ஆகவே திருத்தக்கூடிய பிரதியை ‘வேலை’ ஃபோல்டரில் பத்திரமாக வைத்துவிட்டு, நகலில் மட்டும் மாற்றுங்கள். இதை மறந்தவர்கள் ஒரு ‘ற’வை ‘ர’வாக்க முழுப் பக்கத்தையும் மறுபடி அடித்திருக்கிறார்கள்.

இரண்டு, பி.டி.எஃப். ஆக எடுப்பது. பி.டி.எஃப். 1993-இல் வந்தது; 2008-இல் சர்வதேசத் தரமாகவே ஏற்கப்பட்டது. எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகவே பிறந்தது அது. கேன்வாவில் வேலை செய்கிறவர்கள் பதிவிறக்கும்போது சாதாரண பி.டி.எஃப்.பை விட்டுவிட்டு, ‘பி.டி.எஃப். பிரிண்ட்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு விழாமல் இருக்க, நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் பின்னணியை நீட்டி விடுங்கள். தையலில் பிடிப்புத் துணி விடுகிறோமே, அது மாதிரி.

அச்சகத்துக்காரர் கோரல் கோப்பேதான் வேண்டும் என்றால், அவரிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று கேட்டு அந்தப் பதிப்பிலேயே சேமித்துக் கொடுங்கள். உங்களுடையது புதுசு, அவருடையது பழசு என்றால் அவரால் திறக்க முடியாது. அப்படிக் கொடுத்தாலும் கூடவே பி.டி.எஃப். ஒன்றும் வையுங்கள். ‘இப்படித்தான் வர வேண்டும்’ என்பதற்கு அது சாட்சி.

எந்த வண்டியில் ஏற்றுவது?

ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் அளவு உண்டு.

வாட்ஸ்ஆப்பில் போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். பார்ப்பதற்குப் பரவாயில்லை, அச்சுக்கு உதவாது. அதே படத்தை ‘டாக்குமெண்ட்’ என்ற வழியில் அனுப்பினால் சுருங்காமல் அப்படியே போகும். 2022 முதல் ஒரு கோப்பு 2 ஜி.பி. வரை அதில் போகலாம். வாடிக்கையாளர் உங்களுக்கு மாப்பிள்ளை, பெண் போட்டோ அனுப்பும்போதும் இந்த வழியிலேயே அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் வாட்ஸ்ஆப்பில் ஒரு குறை உண்டு. நாலு நாள் பேச்சுக்கு நடுவில் கோப்பு புதைந்துபோகும். அவசரத்தில் மேலே தள்ளித் தேடும்போது பழசு கையில் அகப்படும். சேலத்துச் சகோதரிக்கு நடந்ததும் அதுதானே?

ஜி-மெயிலில் இணைத்து அனுப்ப எல்லை 25 எம்.பி. போகும் வழியில் கோப்பின் எடை சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுவதால், 18 எம்.பி. வரைதான் நிம்மதி.

அதற்கு மேல் என்றால் கூகுள் டிரைவ் மாதிரி இடத்தில் ஏற்றி, இணைப்பை மட்டும் அனுப்புவது உத்தமம். இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி.; ஆனால் அது உங்கள் மெயில், போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்து. பழைய வேலைகளால் அதை நிரப்பிவிட்டால் புது மெயிலே வராது! இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. இணைப்பை அனுப்பிவிடுகிறோம், திறக்கப் போனால் ‘அனுமதி கேளுங்கள்’ என்று வருகிறது. நாம் தூங்கிக்கொண்டிருக்கிறோம், அவர் காத்துக்கொண்டிருக்கிறார். எனவே ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று வையுங்கள். ‘திருத்தலாம்’ என்று வைத்துவிடாதீர்கள். வைத்த பிறகு, உங்கள் கணக்கு இல்லாத வேறு போனில், மாமியார் போனானாலும் சரி, அந்த இணைப்பைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் கதவு திறந்திருக்கிறது.

பென் டிரைவில் கொடுக்கிறீர்களா? அச்சகத்துக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குழந்தை போட்டோ இருப்பதைக் கொடுக்காதீர்கள். திரும்பி வந்ததை நேரே உங்கள் கம்ப்யூட்டரில் செருகாமல் வைரஸ் சோதனை செய்தபின் திறங்கள். ‘32 ஜி.பி. பென் டிரைவில் 5 ஜி.பி. கோப்பு ஏறமாட்டேன் என்கிறதே’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அது ‘ஃபாட்-32’ என்ற பழைய முறையில் அமைந்த பென் டிரைவாக இருக்கும். அதில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. ‘எக்ஸ்-ஃபாட்’ முறையில் மாற்றியமைத்தால் ஏறும். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், கவனம்!

பல கோப்புகளை ஒன்றாக அனுப்ப ‘ஜிப்’ கட்டாகக் கட்டுவது நல்லது. ஜிப் செய்தால் எடை வெகுவாகக் குறையும் என்று நினைக்க வேண்டாம். போட்டோவும் பி.டி.எஃப்.பும் ஏற்கெனவே சுருங்கியவை. ஜிப் என்பது மூட்டைக் கயிறு. ஒன்றுகூட வழியில் தவறாது என்பதுதான் லாபம். ஆனால் கல்யாண வீட்டுத் தாத்தாவுக்கு ஜிப் அனுப்பாதீர்கள். அவர் போனில் பிரிக்கத் தெரியாமல் தவிப்பார். அச்சகத்துக்கு ஜிப், வீட்டாருக்கு நேரடிப் படம்.

நேரமும் கணக்கு வையுங்கள். 500 எம்.பி.யை மேலே ஏற்ற, உங்கள் இணைப்பின் ஏற்றும் வேகம் 10 எம்.பி.பி.எஸ். என்றால் ஏழு நிமிஷம் போதும். 2 எம்.பி.பி.எஸ். என்றால் அரை மணிக்கு மேல். பல இணைப்புகளில் இறக்கும் வேகத்தைவிட ஏற்றும் வேகம் குறைவு. போன் டேட்டாவில் நாளுக்கு ஒன்றரை ஜி.பி.தான் என்றால், மற்றவர்கள் சினிமா பார்த்து முடித்த பிறகு எதுவும் மிஞ்சாது. காலையில் குக்கர் வைக்கும்போதே ஏற்றிவிடுங்கள். சமையல் முடியும்போது அதுவும் முடிந்திருக்கும்.

வீட்டாருக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று

ஒரே வேலைக்கு இரண்டு விதமான ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. கல்யாண வீட்டாருக்கு வேண்டியது, சொந்தபந்தங்களுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சின்னப் படம். அச்சகத்துக்கு வேண்டியது பெரிய பி.டி.எஃப். இரண்டையும் ஒன்றாகப் போட்டு அனுப்பினால், பெண்ணின் அப்பா கைக்கு முதலில் அகப்பட்ட சின்னப் படத்தை அச்சகத்துக்கு அனுப்பிவிடுவார். மணமக்கள் முகம் புகையடித்தாற்போல் அச்சாகி வரும். ஆகவே தனித்தனியாக, தனித்தனிப் பெயரில், முடிந்தால் நீங்களே நேராக அச்சகத்துக்கு அனுப்புங்கள். சின்னப் படத்தின் பெயரிலேயே ‘வாட்ஸ்ஆப்புக்கு மட்டும்’ என்று சேர்த்துவிடுங்கள்.

சீட்டு எழுதி வையுங்கள்

கூடையில் பட்சணம் வைத்து அனுப்பும்போது, எதில் எத்தனை என்று ஒரு துண்டுச் சீட்டு வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. கோப்புக்கும் அது வேண்டும். இந்த மாதிரி எழுதலாம்:

‘வணக்கம். மீனா கல்யாணத்துக்கு மூன்று கோப்புகள் அனுப்பியிருக்கிறேன்.
1. அழைப்பிதழ் அட்டை, 7க்கு 5 அங்குலம், 2 பக்கம், திருத்தம் 03.
2. தாம்பூலப் பை, ஒரு பக்கம், இரண்டு நிறம், திருத்தம் 02.
3. வரவேற்பு ஃப்ளெக்ஸ், 8க்கு 4 அடி, திருத்தம் 01.
மொத்தம் 310 எம்.பி. எழுத்துகள் எல்லாம் கர்வ்ஸ் ஆக மாற்றியிருக்கிறது. இதற்கு முன்னால் அனுப்பியவற்றை அழித்துவிடுங்கள். இணைப்பு இந்த மாதம் 30-ஆம் தேதி வரை இருக்கும். மூன்றும் கிடைத்தது, மூன்றும் திறந்தது என்று ஒரு வரி பதில் போடுங்கள்.’

கடைசி வரிதான் முக்கியம். ‘வந்துச்சு’ என்ற பதில் போதாது. ‘திறந்தது’ என்று வர வேண்டும். பாதியில் அறுந்து வந்த கோப்பும் ‘வந்துச்சு’தான்! மொத்த எடையைச் சீட்டில் எழுதுவதும் அதற்காகத்தான். அவர் பக்கம் எடை குறைந்திருந்தால், வழியில் ஏதோ விட்டுப்போயிற்று என்று தெரிந்துவிடும்.

ஒப்புதலும் காசும்

இதைச் சொல்ல நம் பெண்களுக்குக் கூச்சம் அதிகம். சொல்லித்தான் ஆக வேண்டும்.

அச்சுக் கோப்பை அனுப்புவதற்கு முன், பார்வைக்கான படத்தை அனுப்பி, பெயர்கள், தேதி, கிழமை, முகூர்த்த நேரம், மண்டப விலாசம், போன் எண் ஆகிய ஆறையும் வாய்விட்டுப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘சரி’ என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதினது நிற்கும். பின்னால் ஒரு பிழை தெரிந்தால், யார் எதை ஒப்புக்கொண்டார்கள் என்பதற்குச் சண்டை வேண்டாம். அந்த ஒரு வரியே பேசும். உறவுக்காரர் என்றால் இன்னும் கட்டாயம்! உறவு கெடாமல் இருப்பதற்காகத்தான் எழுத்து.

பார்வைப் படத்தின் குறுக்கே ‘மாதிரி’ என்று மங்கலாக ஒரு வரி போட்டு வையுங்கள். மீதிக் காசு வந்த பிறகு அச்சுக் கோப்பு. இதை வேலை ஆரம்பிக்கும்போதே சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். முடிவில் சொன்னால்தான் மனஸ்தாபம்.

மூலக் கோப்பையும் கேட்பார்களா, எத்தனை திருத்தம் வரை இந்தக் கூலி என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மூலக் கோப்பைக் கொடுப்பதானால் அதற்கு விலை தனி. எழுத்துருக் கோப்புகளைச் சேர்த்து அனுப்பாதீர்கள். காசு கொடுத்து வாங்கிய எழுத்துருவைப் பிறருக்குக் கொடுக்க நமக்கு உரிமை இல்லாமல் இருக்கலாம்.

கொடுத்த பிறகு

பத்திரிகையில் வீட்டு விலாசமும் போன் எண்ணும் இருக்கின்றன. பிறந்தநாள் பேனரில் பிறர் வீட்டுக் குழந்தையின் முகம் இருக்கிறது. இணைப்பு கிடைத்த யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று விட்டது விட்டபடி கிடக்கலாமா? அச்சு முடிந்து, ‘எல்லாம் வந்துவிட்டது’ என்று கேட்டுக்கொண்டதும் இணைப்பை மூடிவிடுங்கள். நம்பிக் கொடுத்த படத்தைக் காப்பது நம் கடமை.

அதேசமயம் உங்களிடம் பிரதி இருக்க வேண்டும். இதற்கு உலகெங்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே. கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, டிரைவில் ஒன்று என்று வைத்தால் கணக்குச் சரி. வீட்டில் மழைத் தண்ணீர் புகுந்தாலும், குழந்தை கம்ப்யூட்டர் மேல் பாலைக் கொட்டினாலும் உங்கள் உழைப்பு போகாது. எத்தனை காலம் வைத்திருப்பீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். ‘ஆறு மாதம் வைத்திருப்பேன், அதற்குப் பிறகு உங்கள் பிரதிதான்’ என்றால் போதும். கட்டாயம் இல்லாவிட்டாலும் பி.டி.எஃப்.பை ஒரு வருஷம் வைத்திருங்கள். கல்யாணத்துக்கு வந்த வீட்டார் வளைகாப்புக்கும் வருவார்கள்; ‘அதே பூ, அதே கலர் போடுங்க’ என்பார்கள்.

கொசுறு

* அச்சுக்கு அனுப்பும் முன், ஜிப் கட்டை வேறொரு ஃபோல்டரில் நீங்களே ஒருமுறை பிரித்து எல்லாக் கோப்பையும் திறந்து பாருங்கள். பரிமாறும் முன் உப்புப் பார்ப்பது மாதிரி.
* திரையில் பளிச்சென்று தெரியும் பச்சையும் நீலமும் அச்சில் கொஞ்சம் மங்கும். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. இதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.
* திருத்தங்களைத் துண்டு துண்டாக வாங்காதீர்கள். ‘எல்லாவற்றையும் சேர்த்து ஒரே செய்தியாக அனுப்புங்க’ என்று கேளுங்கள்.
* சிவகாசி போல வெளியூர் அச்சகம் என்றால், அனுப்பிய அன்றே போன் செய்து, தாளின் அளவையும் திருத்த எண்ணையும் அவர் வாயால் சொல்லக் கேளுங்கள்.
* திரை முன் உட்காரும்போது 20 நிமிஷத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி இருக்கும் பொருளை 20 விநாடி பாருங்கள். கண் எரிச்சல் குறையும். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து வேலை செய்யாதீர்கள். முதுகு பின்னால் பழி வாங்கும்.

இதெல்லாம் பெரிய கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. சமையலறையில் தினமும் செய்கிற ஒழுங்குதான். ஒழுங்காகக் கொடுக்கப் பழகிவிட்டால் ராத்திரி பதினோரு மணிக்கு ‘ஃபைல் திறக்கலையே’ என்ற போன் வராது. உங்கள் தூக்கமும் கெடாது, குழந்தையின் தூக்கமும் கெடாது. ‘அந்த அம்மா கொடுத்தா கண்ணை மூடிக்கிட்டு மெஷின்ல ஏத்தலாம்’ என்று அச்சகத்துக்காரர் நாலு பேரிடம் சொல்வார் பாருங்கள், அதைவிடப் பெரிய விளம்பரம் எந்தக் காசுக்கும் கிடைக்காது.

அடுத்த இதழில் கூலி நிர்ணயம் பற்றிப் பேசலாம். ‘எவ்வளவு கேட்பது?’ என்று தயங்குகிறவர்கள், உங்கள் ஊரில் ஒரு பத்திரிகை டிசைனுக்கு என்ன வாங்குகிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். எல்லோருக்கும் உதவும்.